ஏற்காட்டு மூட்டமும் விலை உயர்ந்த கேமராவும்

அடிவாரத்தில் வெயில் அடிக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காரில் வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. ஒரு மணி நேரத்துக்குள் காற்றின் வெப்பம் ஏழெட்டு டிகிரி இறங்கிவிடுகிறது, ஈரம் ஏறிவிடுகிறது. விலை உயர்ந்த கேமராவை இந்த மலைக்கு எடுத்துப் போகிறவர் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது இதைத்தான். மழையில் நனைந்து கெட்ட கேமராவைவிட, மூட்டத்தில் சுற்றிவிட்டு அப்படியே பையில் மூடி வைத்ததால் கெட்ட கேமராதான் அதிகம் என்பது என் கணிப்பு.

‘வெதர் சீல்டு’ (மழை, தூசி புகாதபடி அடைத்தது) என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி யாரும் மழையில் நிற்க வேண்டாம். கேனான், நிக்கான், சோனி பாடிகளில் (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்) பெரும்பாலானவற்றுக்கு, தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண்ணே கிடையாது. ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் ஓஎம்-1 கேமராவுக்கு ஐபி53 என்று எண்ணோடு சொல்கிறார்கள். அதில் உள்ள 3, மேலிருந்தும் சாய்வாக 60 டிகிரி வரையிலும் விழும் சாரலைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. கிளியூர் அருவி பக்கத்தில் நின்றால் திவலை கீழிருந்து எழும்பி வரும். அதற்கு அந்த எண் பொறுப்பேற்காது. தண்ணீர் புகுந்த கேமராவுக்குப் பொதுவாக வாரண்டியும் கிடைக்காது.

சீல் என்பது மெல்லிய ரப்பர் வளையங்களும் நுரைப் பட்டைகளும்தான். பாடியில் இருந்து லென்ஸில் இல்லாவிட்டால் பாதிப் பாதுகாப்புதான். லென்ஸின் மவுண்டை, அதாவது பாடியில் பொருந்தும் பின்பகுதியை, திருப்பிப் பாருங்கள். உலோக வளையத்தின் ஓரத்தில் கருப்பு ரப்பர் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் சீல் உண்டு. கேனான் 17-40 எஃப்/4 எல் போன்ற சில லென்ஸ்களில் முன்பக்கம் ஃபில்டர் கண்ணாடி மாட்டினால்தான் சீல் முழுமையடையும். அதனால் மலைக்குப் போகும்போது யூவி ஃபில்டர் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதமே வேண்டாம், மாட்டிவிடுங்கள்.

தண்ணீர் முதலில் நுழைவது பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும் ரப்பர் மூடிகள் வழியாகத்தான். மைக், ஹெச்டிஎம்ஐ, யூஎஸ்பி துளைகளை மூடும் அந்த மடிப்பு, நாளாவட்டத்தில் ஒரு மூலையில் மட்டும் முடி அளவுக்குத் தூக்கிக்கொள்ளும். பார்த்தால் மூடியது போலத்தான் இருக்கும். கட்டை விரலால் ஓரம் முழுக்க அழுத்திக்கொண்டே போனால் அந்த மூலையில் மட்டும் லேசாக ‘டிக்’ என்று உட்காரும். அடுத்தது பேட்டரி கதவு. அதன் நுரைப் பட்டையில் ஒரு துணி நூல் ஒட்டியிருந்தாலே தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். மூன்றாவது, மேலே ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூ. அதற்கென்று வரும் சின்ன பிளாஸ்டிக் மூடியைத் தொலைக்காமல் மாட்டி வையுங்கள். ரப்பர் காய்ந்திருக்கிறதே என்று வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவக் கூடாது. ரப்பர் ஊறி உப்பிப்போகும், தூசியும் ஒட்டும்.

ஜூம் லென்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருகும்போது வெளியே நீளும் ஜூம், சைக்கிள் பம்பு மாதிரி காற்றை உள்ளே இழுக்கும், வெளியே தள்ளும். மூட்டத்தில் பத்து முறை ஜூம் செய்தால் பத்து முறை ஈரக் காற்றை உள்ளே ஏற்றுகிறோம். நீண்டிருக்கும் குழாயில் நீர்த்துளி இருக்கும்போது சுருக்கினால் அந்தத் துளியும் கூடவே உள்ளே போகும். சுருக்குவதற்கு முன் துடையுங்கள், ஒவ்வொரு முறையும். நீளம் மாறாத லென்ஸோ, உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் லென்ஸோ இருந்தால் மழைநாளில் அதையே மாட்டிக்கொள்ளுங்கள்.

மழை உறைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. தடித்த ஒளிபுகும் பாலித்தீன் கவர் ஒன்று, ஓரடிக்கு ஒன்றரை அடி அளவில். அடி மூலையில் லென்ஸ் ஹூட்டின் (லென்ஸ் முன்னால் மாட்டும் வளைய மறைப்பு) விட்டத்தைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவாக வட்டம் வெட்டி, ஹூட்டின் மேல் இழுத்து மாட்டி, அகலமான ரப்பர் பேண்ட் போடுங்கள். கவரின் திறந்த வாய் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். கை அது வழியாகத்தான் போகும். கீழே கட்டி இறுக்கிவிட்டால் கையின் சூட்டில் உள்ளேயே வியர்த்துவிடும். கழுத்துப் பட்டையை வெளியே விடாதீர்கள், தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும்.

மழை விட்டும் தூவானம் விடாது என்பார்களே, காப்பித் தோட்டத்தில் அது அப்படியே நடக்கும். மழை நின்று அரை மணி நேரம் ஆன பிறகும் சில்வர் ஓக் மரங்களிலிருந்தும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளிலிருந்தும் கனத்த துளிகள் விழும். மழை நின்றுவிட்டது என்று உறையைக் கழற்றுகிற நேரம் பார்த்து, ஹாட் ஷூ மேலேயே ஒன்று வந்து விழும். தோட்டத்தை விட்டு வெளியே வரும்வரை உறை இருக்கட்டும். துடைக்க இரண்டு துணி தேவை: பாடிக்கு ஒரு பழைய பருத்தித் துண்டு, லென்ஸ் கண்ணாடிக்கு மட்டும் தனியாக மைக்ரோஃபைபர். துண்டை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் தண்ணீர் இடுக்குக்குள் தள்ளப்படும்.

இனி மூட்டத்தின் கணக்கு. கேமரா மலையில் 19 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கிறது. சேலத்தில் மாலை 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். அந்தக் காற்றில் சுமார் 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மீதும் நீர் படியும். குளிர்ந்த சொம்பு வெளியே வியர்ப்பது போலத்தான். கேமராவின் வெளிப்புறம் மட்டும் வியர்த்தால் துடைத்துவிடலாம். ஆனால் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் மேலும், லென்ஸின் உட்கண்ணாடி மேலும், சர்க்யூட் போர்டு மேலும் சேர்ந்துதான் வியர்க்கும்.

ஆகவே இறங்குவதற்கு முன், மலையிலேயே, கேமராவின் வெளி ஈரத்தை ஒற்றிவிட்டு ஜிப் லாக் கவரில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். மெமரி கார்டை அப்போதே எடுத்துவிட்டால், படம் பார்க்கும் அவசரத்தில் கீழே வந்து திறக்க வேண்டியிருக்காது. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் கவரைத் திறக்காதீர்கள். மலை ஏறும்போது காரில் ஏ.சி. காற்று நேராகப் பைமேல் அடிக்கும்படி வைப்பதும் தவறு. கேமரா காரின் உள்வெப்பத்தைவிடவும் குளிர்ந்துபோய், மேலே லேடீஸ் சீட் காட்சிமுனையில் கார் கதவைத் திறந்ததும் நீர் பூத்துவிடும். பதினைந்தாவது வளைவிலேயே ஏ.சி.யை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே தண்ணீர் போய்விட்டால்: சுவிட்சை அணையுங்கள், பேட்டரியையும் கார்டையும் எடுங்கள். ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று ஆன் செய்வதுதான் கேமராவைக் கொல்லும். ஈரத்தில் மின்சாரம் ஓடினால்தான் ஷார்ட் ஆகும், செப்புத் தடங்கள் வேகமாக அரிக்கும். வெளியே துடைத்து, உலர்ந்த இடத்துக்கு வந்ததும் லென்ஸ் மவுண்ட் கீழே பார்க்கும்படி பிடித்து லென்ஸைக் கழற்றுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், சூடு பசையையும் கிரீஸையும் இளக்கிவிடும். அரிசி டப்பாவும் வேண்டாம். அரிசி ஈரத்தை இழுப்பது குறைவு, தவிட்டுத் தூள் உள்ளே போவது நிச்சயம்.

சரியான இடம் சிலிக்கா ஜெல் பெட்டி. நாலு பக்கமும் பூட்டும், ரப்பர் வளையம் வைத்த பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, அதில் 200 கிராம் ஜெல் துணிப்பையில் கட்டி, ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. நனைந்த கேமராவை இதில் 48 மணி நேரம் விடுங்கள். சாதாரண நாளில் மானி 40 முதல் 50 வரை காட்டினால் போதும். 30-க்குக் கீழே போவதும் ரப்பருக்கும் எண்ணெய்ப் பசைக்கும் நல்லதில்லை. ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். 110 டிகிரியில் ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அதைச் சமையல் பாத்திரத்தில் வறுக்கவே கூடாது. தோல் உறையைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அதுவே தீனி.

மாதம் ஒரு முறை லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். தூசி தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். பூஞ்சை ஒரு மையத்திலிருந்து கிளைவிட்டு, காய்ந்த வேர் போலப் படர்ந்திருக்கும். ஆரம்பத்திலேயே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் துடைத்துவிடுவார். கண்ணாடி மேலுள்ள மெல்லிய பூச்சை (கோட்டிங்) அரித்த பிறகு அந்தத் தடம் போகாது.

சேலத்தில் ஈரத்தைவிடப் பொடி மோசம். மாக்னசைட் சுரங்கப் பக்கத்து வெள்ளைத் தூசியும், ஜவ்வரிசி காயப்போடும் களத்து மாவும் ஜூம் வளையத்தில் ஏறிய நிலையில் மலைக்குப் போனால், மூட்டத்தின் ஈரம் பட்டு மாவு கஞ்சியாகிவிடும், வளையம் கரகரக்கும். களத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். கிளம்புவதற்கு முன் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் புளோயரால் பத்துப் பன்னிரண்டு முறை ஊதிவிட்டு, அதன் பிறகுதான் துணி. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

டிரைபாடை (கேமரா நிறுத்தும் முக்காலி) எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சேற்றிலும் ஓடைக்கரையிலும் நிறுத்தும்போது ஒவ்வொரு காலிலும் கடைசிக் கணுவை முதலில் ஒரு சாண் இறக்கிக்கொண்டால் பூட்டு சேற்றுக்கு மேலே நிற்கும். வீட்டுக்கு வந்ததும் கால்களை மடக்காமல், எல்லாக் கணுவையும் முழுசாக இழுத்து, நல்ல தண்ணீரில் துடைத்து, இரவு முழுக்க அப்படியே நிறுத்தி வைத்து, காலையில் மடக்குங்கள்.