பி.ஏ. பொருளாதாரமா, ஜப்பானியமா என்று கேட்கிறவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், சொந்தக்காரப் பிள்ளைகளோ தெருவில் தெரிந்தவர்களோ கேட்டுவிடுவார்கள். "எகனாமிக்ஸ் எடுக்கட்டுமாக்கா, இல்ல ஜாப்பனீஸ் படிச்சா வேலை கிடைக்குதாமே, அதுக்குப் போகட்டுமா?" நான் இரண்டையும் சேர்த்தே படித்தேன், அதுவும் மதுரையை விட்டு நகராமல். அதனால் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். ஒன்றுக்காக இன்னொன்றை விடாதீர்கள். டிகிரி பொருளாதாரத்தில் இருக்கட்டும், ஜப்பானியம் முதல் வருஷத்திலிருந்தே கூட வரட்டும்.

ஜப்பானியத்திலேயே டிகிரி வாங்கக் கூடாதா என்றால், தாராளமாக வாங்கலாம். டெல்லி ஜேஎன்யூவில் பி.ஏ. ஹானர்ஸ் இருக்கிறது, சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதிப் போக வேண்டும். சாந்திநிகேதனில் விஸ்வபாரதியிலும் ஜப்பானியத்துக்குத் தனித் துறை உண்டு. மொழிதான் உயிர் என்று இருப்பவர்கள், வீட்டிலும் அவ்வளவு தூரம் அனுப்புவார்கள் என்றால், யோசிக்காமல் போங்கள். இங்கிலாந்தில் சில பல்கலைக்கழகங்களில் இரண்டு பாடத்தையும் ஒரே பட்டமாகவே தருகிறார்கள், நடுவில் ஒரு வருஷம் ஜப்பானில் படிப்பு. ஆனால் அந்தச் செலவு நம் பக்கத்தில் எத்தனை வீட்டுக்குக் கட்டுப்படியாகும்? இங்கே அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் என்று பொருளாதாரம் படிக்க நல்ல இடங்கள் இருக்கின்றன. ஜப்பானியத்துக்குத்தான் தனி வகுப்பையோ ஆன்லைனையோ தேட வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளாதாரம். இதை வெறும் மனப்பாடப் பாடம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. எனக்கு அது பிடித்துப்போனது தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பதை நடத்திய வகுப்பில்தான். எங்கள் மேடம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பனி இறங்கினால் மல்லிகை வரத்து குறையும், அந்த நேரம் பார்த்துத் தை முகூர்த்தமும் வந்துவிட்டால் சில நூறில் இருந்த கிலோ விலை ஆயிரங்களுக்குப் போய்விடும். கல்யாண வீட்டுக்காரர் என்ன விலை சொன்னாலும் வாங்கித்தான் ஆக வேண்டும், தினமும் ஒரு முழம் வாங்குகிறவர் பிச்சிக்கோ கனகாம்பரத்துக்கோ மாறிவிடுவார். அப்படியானால் ஒரே பூவுக்கு ஒரே நாளில் இரண்டு விதமான நெகிழ்ச்சி! அன்றைக்கு வரைந்த கோடுகளை நான் இன்னும் மறக்கவில்லை.

சரி, இதில் ஜப்பான் எங்கே வருகிறது? நாட்டை மொத்தமாகப் பார்க்கும் பேரியல் பொருளாதாரத்துக்கு வந்ததும் ஜப்பானைத் தவிர்க்கவே முடியாது. நம் பாடத்தில் பணவீக்கம் என்றால் விலை ஏறுவது, அதற்கு மருந்து வட்டியை ஏற்றுவது. விலை ஏறாமல் வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்தால் என்ன செய்வது என்பதற்கு ஜப்பான்தான் பாடம். டாலர் மதிப்பை இறக்க அமெரிக்காவும் ஜப்பானும் இன்னும் சில நாடுகளும் செய்துகொண்ட 1985 பிளாசா ஒப்பந்தத்துக்குப் பிறகு யென் மதிப்பு கிடுகிடுவென ஏறியது, ஏற்றுமதி அடிபடுமே என்று வட்டியைக் குறைத்தார்கள், பணம் நிலத்திலும் பங்கிலும் போய்க் குவிந்தது. 1989 கடைசியில் அவர்கள் பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 38,915 தொட்டது. அப்புறம் விழுந்ததுதான், அந்த உயரத்தைத் திரும்பத் தாண்ட 2024 பிப்ரவரி ஆனது. நடுவில் 2016 முதல் 2024 மார்ச் வரை அங்கே மத்திய வங்கியின் வட்டியே பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. வட்டியை எவ்வளவு குறைத்தாலும் செலவு கூடாத நிலை, லிக்விடிட்டி ட்ராப் என்று கெயின்ஸ் பெயரில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டுப் போகிற விஷயம், அங்கே ஒரு தலைமுறையின் சம்பளம்.

நம் ஊருக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. மதுரை தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு ஆகும் செலவில் 80 சதவீதத்துக்கு மேல் ஜைக்கா என்ற ஜப்பான் அரசு நிறுவனம் தரும் ஜப்பான் கடன்தான். யென்னில் வாங்கிய கடனை யென்னில்தான் திருப்ப வேண்டும், யென் மதிப்பு ஏறினால் நமக்குப் பாரம், இறங்கினால் லாபம். திருமங்கலம் ரோட்டில் போகும்போதெல்லாம் சர்வதேசப் பொருளாதாரத்தில் படித்த அந்நியச் செலாவணிப் பாடம் எனக்கு அங்கே கட்டடமாக எழும்புவது தெரிகிறது.

மொழி விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. வினைச்சொல் கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். "தபேதே மிதே" என்றால் "சாப்பிட்டுப் பார்", அதே அடுக்கு, அதே பொருள். ஆங்கிலம் வழியாக இதைப் படிக்கிறவர்கள் படும் பாடு நமக்கு இல்லை, தமிழில் நினைத்தே வாக்கியம் கட்டலாம். (இரண்டும் ஒரே தாய் பெற்ற மொழிகள் என்று வாட்ஸாப்பில் வருவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி வாதாடினார், பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை.) கஷ்டம் காஞ்சி என்கிற, சீனத்திலிருந்து வந்த எழுத்துகளில்தான். அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வைத்திருக்கும் பட்டியலிலேயே 2,136 எழுத்துகள். இதற்குக் குறுக்கு வழி கிடையாது, தினமும் கையால் எழுத வேண்டும்.

எண்களை ஆரம்பத்திலேயே பழகிவிடுங்கள். அவர்கள் பத்தாயிரத்தை அலகாக வைத்து எண்ணுகிறார்கள். அதற்கு மேலே ஓகு, நம் பத்துக் கோடி. அதற்கும் மேலே சோ, அது சரியாக நம் லட்சம் கோடி. ஜப்பான் பட்ஜெட் 100 சோ யென்னுக்கு மேல் என்று படித்தால் மில்லியன், பில்லியன் பக்கமே போகாமல் 100 லட்சம் கோடி என்று நேராகப் பிடித்துவிடலாம்.

ஜப்பானியத் திறனுக்கான தேர்வு ஜேஎல்பிடி. எளிதான என்5 தொடங்கி கடினமான என்1 வரை ஐந்து நிலை, ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிறு. சென்னையில் மையம் உண்டு, பாண்டியன் ரயிலில் ஏறினால் விடியும்போது எழும்பூர். என்5க்கு 180க்கு 80 எடுத்தால் பாஸ், ஆனால் கேட்டல் பகுதியில் மட்டும் 60க்கு 19 வரவில்லை என்றால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் ஃபெயில். புத்தகத்தை மட்டும் வைத்துப் படிக்கிற நம் பிள்ளைகள் அடிபடுவது இங்கேதான், தினமும் காதால் கேளுங்கள். என்5 சர்டிபிகேட்டை மட்டும் நம்பி வேலை தேடாதீர்கள். டிகிரி முடிக்கும்போது என்3 கையில் இருக்க வேண்டும், ஜப்பான் கம்பெனிகளில் மொழியை வைத்துச் செய்யும் வேலைக்குப் பெரும்பாலும் என்2 கேட்பார்கள். ஒரகடம் பக்கமும் ஸ்ரீசிட்டியிலும் அப்படிப்பட்ட கம்பெனிகள் நிறைய. அங்கே மொழி மட்டும் தெரிந்தவரைவிட, செலவுக் கணக்கும் செலாவணியும் புரிந்து மொழியும் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

கல்லூரிகளிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பார்ட் ஃபோரில் நான்-மேஜர் எலக்டிவ் என்று, மேஜருக்கு வெளியே ஒரு பேப்பர் வைக்கிறீர்கள், அதில் ஒன்றை ஜப்பானியமாக வையுங்கள். என்5 அளவுக்குக்கூட வேண்டாம், எழுத்தும் எண்ணும் எளிய வாக்கியமும் வந்தால் போதும். வெளியே ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைக்கு அது ஒன்றுதான் வழி.

இந்த ஜூனில் சேருகிறவர்கள் டிசம்பரிலேயே எழுத அவசரப்பட வேண்டாம், நவம்பர் செமஸ்டரோடு முட்டிக்கொள்ளும். அடுத்த ஜூலையை வைத்துக்கொள்ளுங்கள், ஏப்ரல் செமஸ்டர் முடிந்து லீவு கிடைக்கும். பணம் கட்டும் தேதி மட்டும் சில மாதம் முன்னாலேயே முடிந்துவிடும், அதைக் கவனியுங்கள். காலேஜ் திறப்பதற்குள் ஒலிக்கான எழுத்து வகைகளான ஹிராகானா, கதகானா இரண்டையும் எழுதிப் பழகிவிடுங்கள், தலா 46 எழுத்துதான். பொருளாதாரத்துக்குக் கணக்கு பயமாக இருக்கிறவர்கள் அதே லீவில் பிளஸ் ஒன் புள்ளியியலை ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.