வேலந்தாவளம் வழியாக ஒரு டிராகுலா

கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், சென்ற ஆண்டு அக்டோபர் 31 அன்று ஹாலோவீன் கொண்டாடப் போவதாகவும் அனைவரும் பேய் வேடத்தில் வர வேண்டும் என்றும் அறிவித்தார்கள். கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் பிறந்து வளர்ந்த எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவள் கேரளத்துப் பெண்பேயான யட்சிதான். பாலை மரத்தில் குடியிருந்து, இரவில் தனியே வரும் ஆண்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் அவளுடைய கதைகளை என் அம்மாவைப் பெற்ற அம்மிச்சி சொல்லக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். மலம்புழை அணைப் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் உருவாக்கிய யட்சி சிலையையும் பள்ளிச் சுற்றுலாவில் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஆனால் வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலும் என் மீசைக்குப் பொருந்தாது. ஆகவே இரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவைத் தேர்ந்தெடுத்தேன்.

மீசையை எடுக்க வேண்டுமோ என்ற கவலை, பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட நாவலைப் புரட்டியதும் தீர்ந்தது. அதில் கோட்டை வாசலில் விளக்கோடு வந்து நிற்கும் பிரபு, நீண்ட நரைத்த மீசை வைத்த, தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்த கிழவர். நாம் அறிந்த விறைப்பான காலரும் மாலை விருந்து உடையும் மேடையிலிருந்து வந்தவை. 1924-இல் ஹாமில்டன் டீன் இங்கிலாந்தில் இந்தக் கதையை நாடகமாக்கியபோது, பிரபு எல்லோர் கண்ணெதிரிலும் மாயமாக வேண்டியிருந்தது. நடிகர் பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நிற்க, தலையை மறைக்கும் அளவுக்கு உயர்ந்த காலரின் மறைவில் அவர் மேடையின் பொறிக்கதவு வழியாக நழுவிவிட, பிடித்தவர்களின் கையில் வெறும் மேலங்கி மட்டும் மிஞ்சும். 1931 திரைப்படத்தில் பேலா லுகோசி இதே கோலத்தில் தோன்றினாலும், அவர் கோரைப்பல்லைக் காட்டவே இல்லை. இரத்தம் வடியும் பல்லும் சிவந்த கண்ணும் மனத்தில் பதிந்தது 1958-இல் கிறிஸ்டோபர் லீ நடித்த வண்ணப் படத்துக்குப் பிறகுதான். நான் மூவரிடமும் கடன் வாங்கினேன்.

மேலங்கிக்குக் கறுப்புத் துணியும் உள்ளே சிவப்பு சாட்டினும் வாங்கிக் கொடுத்தபோது, எங்கள் தையல்காரர் வக்கீல் கவுனா என்று கேட்டார். காலர் நிற்பதற்குச் சட்டைக் காலருக்குள் வைக்கும் கேன்வாஸை மூன்று மடிப்பாக வைத்துத் தைக்கச் சொன்னேன். அது காதுக்கு மேலே நிமிர்ந்து நின்றது. அதன் பிறகு பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க வேண்டுமானால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப முடிந்தது என்றாலும், அதுவே எனக்கு ஒரு பிரபுத்தனமான தோரணையைக் கொடுத்தது.

முகம்தான் பெரும்பாடு. இணையக் காணொளிகள் சொன்னபடி வெள்ளைப் பூச்சை அப்பிக்கொண்டபோது, என் மாநிறத்தின் மேல் அது சாம்பல் நிறமாகி, சுண்ணாம்பு அடித்துப் பாதியில் விட்ட சுவரைப் போல ஆகிவிட்டது. கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவ மேடைகளுக்கு ஒப்பனை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணன் அதைக் கழுவச் சொல்லி, என் நிறத்தைவிட ஒரு படி மட்டும் வெளிறிய பூச்சைத் தடவி, கன்னக்குழியிலும் கண்ணைச் சுற்றியும் கண்மையைத் தேய்த்து நிழல் கொடுத்தார். இரத்தமற்ற முகம் என்பது வெள்ளை முகமல்ல, குழி விழுந்த முகம் என்பது அப்போதுதான் புரிந்தது. கதகளிக் கலைஞர்கள் கண் சிவக்க இமைக்குள் சுண்டப்பூ என்னும் செடியின் விதையை இடுவார்கள் என்று சொல்லி ஆசை காட்டினார். எனக்குத் துணிவில்லாததால் கீழிமையில் சிவப்பு மையோடு நிறுத்திக்கொண்டேன். பல்லுக்கு, வெந்நீரில் இளகி ஆறியதும் இறுகும் பிளாஸ்டிக் மணிகளைக் கோரைப்பல்லில் பொருத்தி வடித்தேன்.

இரத்தத்துக்கு ஆரத்தித் தட்டே வழி காட்டியது. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்த்தால், சுண்ணாம்பின் காரத்தன்மையால் மஞ்சளின் நிறப்பொருள் செக்கச்செவேலென மாறிவிடும். கேரளக் கோயில்களில் குருதி என்று தயாரிப்பதும் இதுவே. சுண்ணாம்பு தோலை அரிக்கும் என்பதால் உதட்டோரத்துக்குப் பீட்ரூட் சாற்றையும் சர்க்கரைப் பாகையும் வைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையின் மார்பில் மட்டும் ஆரத்தி நீரை வடியவிட்டேன். யட்சி கேட்கும் சுண்ணாம்பு கடைசியில் டிராகுலாவுக்குப் பயன்பட்டதே என்று அம்மிச்சி சிரித்தார்.

அலுவலகத்தில் கைதட்டல் கிடைத்தது. பரிசு வேறொருவருக்குப் போனது. ஆனால் கொண்டாட்டத்தின் நடுவே யாரோ எலுமிச்சைச் சாற்றை என் மார்பில் கொட்டிவிட, புளிப்பு பட்ட இடமெல்லாம் இரத்தம் கண்ணெதிரிலேயே மஞ்சளாகிவிட்டது. மாற்றுச் சட்டை கொண்டு செல்லவில்லை. வீடு திரும்பும் வழியில், மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் சோதனைச் சாவடியில் பேருந்துக்குள் ஏறிய காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நாடகமாணோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கினார்.

வீட்டுத் திண்ணையில் காத்திருந்த அம்மிச்சி காலரையும் பல்லையும் பொருட்படுத்தாமல் சட்டையையே உற்றுப் பார்த்தார். "என்ன கண்ணு, மாரியம்மன் நோம்பிக்குப் போயி மஞ்சத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்தாப்புல இருக்குது?" என்றார்.