பழைய கேஸ் ஃபர்னஸுக்கு ஒரு வால்வு: ஜோகனஸ்பர்க் அனுபவம்

ஆப்பிரிக்கா என்றாலே வெயில்தான் என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஜோகனஸ்பர்க் இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில். 2023 ஜூலை 10 அன்று இங்கே பனியே கொட்டியது. பழைய வீடுகளில் பெரும்பாலும் குளிர் தாங்குகிற மாதிரி சுவரோ கூரையோ கிடையாது. வயதான அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு ஜூன், ஜூலை இரவுகளைக் கடத்துவது லேசான காரியமில்லை.

நாங்கள் இருப்பது பைப் கேஸ் வருகிற பழைய பகுதியில். நடைக்கூடத்துச் சுவருக்குள் அமெரிக்கத் தயாரிப்பான ஒரு கேஸ் ஃபர்னஸ், அதாவது வீட்டைச் சூடாக்கும் அடுப்பு, பதிந்திருக்கிறது. எப்போது வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதில் மின்விசிறி இல்லை. சூடான காற்று தானாக மேலேறி, கம்பித் தட்டி வழியாகக் கூடத்துக்கு வந்துவிடும். ஆகவே கரண்டே வேண்டாம். லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்த குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு அறையாவது கதகதப்பாக இருந்ததற்கு இந்தப் பெட்டிதான் காரணம். அதனால் இதன் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

ஒருநாள் காலை பைலட் சுடர், அதாவது பெரிய பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரியும் சின்னச் சுடர், அழகாக எரிந்துகொண்டிருந்தது. ஆனால் தெர்மோஸ்டாட்டை எவ்வளவு ஏற்றினாலும் பெரிய பர்னர் பற்றவில்லை. அதற்குக் கேஸைத் திறந்துவிடுகிற வால்வுதான் போயிருக்கும் என்று நினைத்தேன்.

கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்: இதெல்லாம் காலம் போன சாமான், கழற்றிப் போட்டுவிட்டு சூடும் தருகிற ஏசி மாட்டுங்கள். ஒரு கடையில் வால்வின் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அது சரியென்று படவில்லை. வெப்பம் கொடுக்கிற தகடு விரிசல் இல்லாமல் இருக்கிறது, புகைபோக்கி சரியாக இழுக்கிறது, பைலட் எரிகிறது. ஒரு பாகம் கெட்டதற்காக முழுதையும் ஏன் தூக்கி எறிய வேண்டும்?

மெல்ரோஸ் சிவசுப்ரமணியர் கோயிலில் பழக்கமான ஓர் அண்ணன் இந்தியர்கள் அதிகம் வாழும் லெனேசியாவில் இருக்கிறார். தொழிற்சாலைகளில் கேஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டன் காலத்திலேயே இங்கே வந்த குடும்பம். அவருடைய தமிழில் பாதி ஆங்கிலம் கலந்திருக்கும், ஆனால் "தம்பி" என்று கூப்பிடும்போது சொந்த அண்ணன் மாதிரி இருக்கும். விஷயத்தைச் சொன்னதும், "தம்பி, வால்வுதான் போச்சுன்னு யார் பார்த்துச் சொன்னா?" என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை.

மறுநாளே மல்டிமீட்டரோடு வந்துவிட்டார். இந்த மாதிரி ஃபர்னஸில் பைலட் சுடரின் மேல் தெர்மோபைல் என்று ஒரு குச்சி நிற்கும். அது சூடானதும் தானே கொஞ்சம் மின்சாரத்தை உண்டாக்கும். நல்ல நிலையில் இருந்தால் சுமார் 750 மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அந்தத் துளி மின்சாரம்தான் தெர்மோஸ்டாட் வழியாகப் போய் வால்வைத் திறக்கிறது. எங்கள் தெர்மோபைல் குறையில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தது. அடுத்து தெர்மோஸ்டாட்டை ஒதுக்கிவிட்டு, வால்வின் மேலேயே தெர்மோஸ்டாட்டுக்கான இரண்டு முனைகளை ஒரு சின்னக் கம்பியால் இணைத்துப் பார்த்தார். அப்போதும் பர்னர் பற்றவில்லை. கடைசியாக ஒயர்களைக் கழற்றிவிட்டு வால்வுக்குள் இருக்கும் காயிலின், அதாவது கம்பிச்சுருளின், தடையை அளந்தார். சில ஓம் காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் எதுவுமே காட்டவில்லை. காயில் உள்ளே அறுந்துவிட்டது. இந்த வால்வைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது, செய்யவும் கூடாது. முழுதாக மாற்ற வேண்டியதுதான்.

வால்வைத் தேடுகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள். பல வீடுகளில் குற்றவாளி தெர்மோபைலாகவோ தெர்மோஸ்டாட் ஒயராகவோ இருக்கும். இரண்டுமே வால்வைவிட மலிவு.

அப்புறம் தேடல். பழைய வால்வின் எண் பாதி அழிந்திருந்தது, படிக்க முடிந்த பாதியும் எப்போதோ உற்பத்தி நின்றுபோன மாடல். பூய்சன்ஸ் பக்கம் இருக்கிற கேஸ் சாமான் கடைகளில் விசாரித்தேன். ஒருவர் பளபளவென்று ஒரு புது வால்வை எடுத்து நீட்டி, "எல்லாம் ஒண்ணுதான் சார், இது பொருந்தும்" என்றார். பார்த்தால் உண்மையிலேயே அதே உருவம், அதே குமிழ், அதே முனைகள். ஆனால் லேபிளில் 24 வோல்ட் என்று இருந்தது. ட்ரான்ஸ்ஃபார்மரும் மின்விசிறியும் உள்ள ஃபர்னஸுக்கான வால்வு அது. தெர்மோபைல் கொடுக்கிற மின்சாரத்துக்கு அது அசையவே அசையாது. அதற்காகக் கரண்ட் இழுத்தால், லோட் ஷெடிங்கில் எரிகிற ஒரே ஹீட்டரையும் இழந்துவிடுவோம். ராபர்ட்ஷா நிறுவனத்தின் 7000 வரிசை வால்வுகளை எடுத்துக்கொண்டால் 24 வோல்ட் வகைக்கு ஈஆர் என்றும் மில்லிவோல்ட் வகைக்கு எம்விஆர் என்றும் எழுத்து வரும். ஹனிவெல்லில் விஆர்8200 24 வோல்ட், விஎஸ்820 மில்லிவோல்ட். இந்த எழுத்து வித்தியாசத்தை அண்ணன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாள் சட்டைப் பையிலேயே இருந்தது.

வழி திறந்தது நான் எதிர்பார்க்காத இடத்தில். ஹீட்டிங் சாமான் விற்பவர்களிடம் மில்லிவோல்ட் வால்வு இல்லை, ஏனென்றால் அவர்கள் தொழில் எப்போதோ கரண்டுக்கு மாறிவிட்டது. ஆனால் கேஸ் ஃபயர்பிளேஸ் விற்பவர்கள் இன்றைக்கும் தெர்மோபைலை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். கரண்ட் போனாலும் எரிய வேண்டும் என்பதுதான் அந்தப் பொருளின் கவர்ச்சி. இத்தாலியின் சிட் நிறுவனத்து 820 நோவாவில்கூட மில்லிவோல்ட் வகை உண்டு, இங்கே அது புழக்கத்திலும் இருக்கிறது. ஒரு ஃபயர்பிளேஸ் கடையில் விவரம் சொன்னதுமே அந்த அம்மா தலையாட்டினார். எங்களுக்கு வேண்டிய ராபர்ட்ஷா எம்விஆர் வகையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்.

சிட் வால்வு கையில் கிடைக்கும்போது ராபர்ட்ஷாவுக்கு ஏன் காத்திருந்தோம்? மரைதான் காரணம். அமெரிக்க ஃபர்னஸின் உள்குழாய்கள் எல்லாம் என்பிடி என்ற அமெரிக்க அளவு மரை, தென்னாப்பிரிக்கக் குழாய்கள் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் அளவு மரை. அரை அங்குல அளவில் இரண்டிலும் ஓர் அங்குலத்துக்கு 14 புரிதான். அதனால் ஒன்றுக்குள் ஒன்று ஏறிக்கொள்வது போலவே தெரியும். ஆனால் என்பிடி மரையின் கோணம் 60 டிகிரி, பிஎஸ்பிக்கு 55. இறுக்கினால் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்து, பிறகு மெல்லக் கசியும். தண்ணீர்க் குழாயில் சொட்டினால் துணி வைக்கலாம், கேஸில் அது முடியாது. அதே மரை, அதே நீளம், குழாய் வந்து சேரும் அதே திசை உள்ள வால்வு என்றால் உள்ளே எந்த இணைப்பையும் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்காது.

மாட்டுவதை நாங்கள் செய்யவில்லை. 2009ஆம் ஆண்டின் அழுத்தக் கருவிகள் விதிகளின்படி வீட்டு கேஸ் அமைப்பில் மாற்றம் செய்தால் பதிவு பெற்ற ஃபிட்டர் செய்து, தகுதிச் சான்று தர வேண்டும். வீடு கைமாறும்போதும் அது தேவை. ஃபிட்டரைக் கூப்பிடும்போது கேஸ் ஃபிட்டர்களைப் பதிவு செய்யும் எஸ்ஏக்யூசிசி கேஸ் அமைப்பின் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். சிலிண்டர் கேஸுக்கு மட்டும் பதிவு உள்ளவர் பைப் கேஸில் கைவைக்க முடியாது. எந்தப் பிரிவு என்று அட்டையிலேயே இருக்கும். லெனேசியா அண்ணனின் பதிவு ஓய்வுக்குப் பின் காலாவதியாகிவிட்டதால் அவர் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தார். அந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன்.

வந்த ஃபிட்டர் வேலையில் பொறுமைசாலி. வால்வை மாட்டி, எல்லா இணைப்பிலும் சோப்புநீர் தடவிப் பார்த்த பிறகு கேஸ் அழுத்தத்தை அளக்கும் மேனோமீட்டரை வைத்தார். இயற்கை எரிவாயுவுக்கு வால்வின் வெளியேற்ற அழுத்தம் 3.5 அங்குல நீர், அதாவது சுமார் 0.87 கிலோபாஸ்கல். சிலிண்டர் கேஸுக்கு என்று வந்த வால்வாக இருந்தால் இது சுமார் 10 அங்குலம் இருக்கும். தெரியாமல் மாட்டினால் பர்னரில் அளவுக்கு மீறிய கேஸ் பாயும். இந்த ஊரின் உயரமும் ஒரு விஷயம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. கடல்மட்டத்துக்கான அளவில் கேஸை விட்டால் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். எங்கள் ஃபர்னஸில் முன்பே யாரோ விவரம் தெரிந்தவர் சிறிய ஜெட், அதாவது கேஸ் வெளிவரும் துளைமூக்கு, போட்டிருந்தார். அதனால் அதைத் தொடவில்லை. புகைபோக்கியில் கருவி வைத்துப் பார்த்து, சுடர் நீலமாக நிற்பதைக் காட்டிய பிறகுதான் சான்றில் கையெழுத்துப் போட்டார்.

இவ்வளவு பாடுபட்டு எத்தனை நாளைக்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1992 வரை இந்த நகரத்துக்கு இங்கேயே இருக்கும் காட்டஸ்லோவில் நிலக்கரியிலிருந்து கேஸ் காய்ச்சிக் கொடுத்தார்கள். இப்போது வருவது மொசாம்பிக்கின் பாண்டே, தெமானே வயல்களின் எரிவாயு. 2004லிருந்து 865 கிலோமீட்டர் குழாய் வழியாக செக்குண்டாவுக்கு வருகிறது. அந்த வயல்கள் வற்றிக்கொண்டிருக்கின்றன. விநியோகம் நிற்கும் என்று எரிவாயுவைக் கொண்டுவரும் சசோல் நிறுவனம் அறிவித்த கெடு பலமுறை தள்ளிப்போயிருக்கிறது. நின்றால் சிலிண்டருக்கு மாறலாம். வால்வின் அழுத்தத்தை அதற்கேற்ப மாற்றும் ரெகுலேட்டர் ஸ்பிரிங்கையும் இந்த வால்வோடு சேர்த்தே வாங்கி, ஒரு உறையில் போட்டு ஃபர்னஸ் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன். ஜெட்களை மட்டும் அப்போது மாற்ற வேண்டும், புதுச் சான்றும் எடுக்க வேண்டும்.