கச்சான் காலமும் சேர்க்கும் கானில் ஒரு பரம்பரையலகும்

ஆடியில் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கத் தொடங்கினால் மட்டக்களப்புப் படுவான்கரையின் வயல் வட்டைகளில் நிற்பவர்களுக்குத் தெரியும், மத்தியானத்துக்குள்ளேயே உதடு வெடித்துவிடும், வியர்வை வந்ததும் தெரியாது காய்ந்ததும் தெரியாது, சலம், அதாவது சிறுநீர், ஒன்றிரண்டு தரம்தான் போகும், அதுவும் கடும் மஞ்சளாக. உடம்பு சூடு என்று சொல்லி இளநீர் வெட்டித் தருவார்கள். நல்லதுதான். ஆனால் அந்த மஞ்சளுக்குப் பின்னால் நடப்பதில் பாதியைத்தான் உயர்தரத்தில் படிக்கிறோம் என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

படித்த பாதி இதுதான். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு இரத்தத்திலிருந்து சுமார் 180 லீற்றர் திரவத்தை வடிக்கின்றன, வெளியே போவது ஒன்றிரண்டு லீற்றர். பெரும்பங்கு முன்னால் உள்ள நுண்குழாய்களிலேயே திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும், கடைசிப் பேரம் சேர்க்கும் கானில், அதாவது சிறுநீர் கடைசியாகக் கடக்கும் நுண்குழாயில். இரத்தம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு செறிந்தாலே கபச்சுரப்பி ஏடிஎச் என்ற ஓமோனை, அதாவது வெசோபிரசினை, விடுகிறது, கான் தண்ணீரை உள்ளே எடுக்கிறது. பரீட்சைக்கு அவ்வளவு போதும்.

கலத்துக்குள் போனால்தான் கதை. வெசோபிரசின் வந்து கானின் கலத்தில் உள்ள வாங்கிப் புரதத்தில் ஒட்டியதும் உள்ளே சைக்கிளிக் ஏஎம்பி என்ற சைகை மூலக்கூறு கூடுகிறது. அக்குவாபோரின்-2 என்ற நீர்க்கால்வாய்ப் புரதம் சின்னப் பைகளில் முன்கூட்டியே கிடக்கும், அந்தப் பைகள் சில நிமிடங்களில் கான் பக்க மென்சவ்வில் போய் இணைகின்றன. இது உன்னிச்சைக் குளத்தில் இருக்கிற வான்கதவுகளைத் திறப்பது மாதிரி. ஆனால் கச்சான் ஒரு மத்தியானத்தோடு போகிற காற்றா? வாரக்கணக்கில் அடிக்கும். அதற்கு இருக்கிற கதவு காணாது, புதிதாகச் செய்ய வேண்டும், அந்த வேலை கலத்தின் கருவுக்குள் நடக்கிறது. அதே சைக்கிளிக் ஏஎம்பியின் சைகை கிரெப் போன்ற புரதங்கள் வழியாக அக்குவாபோரின்-2 பரம்பரையலகை, அதாவது அந்தப் புரதத்துக்கான மரபணுவை, தூண்ட, மணித்தியாலங்கள், நாட்கள் போகப்போகக் கலத்தில் அந்தப் புரதத்தின் மொத்த அளவே கூடிவிடுகிறது. அந்தப் பரம்பரையலகு தோல், ஈரல் என்று எல்லாக் கலத்திலும் இருக்கிறது, சிறுநீரகத்தில் முக்கியமாக இந்தக் கானின் கலங்கள்தான் அதை வாசித்துப் புரதம் செய்கின்றன.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொன்று. சிறுநீரகத்தின் உட்பகுதியான மையவிழையத்தின் ஆழத்தில் உப்பும் யூரியாவும் சேர்ந்து செறிவு இரத்தத்தைப்போல நாலு மடங்கு வரை ஏறும். அப்படியொரு இடத்தில் சாதாரணக் கலம் சுருங்கிச் செத்துப்போகும். இந்தக் கலங்கள் சாகாததற்கு டோன்-ஈபிபி என்ற புரதம் பெரிய காரணம். வெளியே உப்புக் கூடியதை உணர்ந்து அது கருவுக்குள் போய், சோபிற்றோல் செய்யும் நொதியத்துக்கும் பீற்றெயினை உள்ளே இழுக்கும் கடத்திக்கும் உரிய பரம்பரையலகுகளை முடுக்கிவிடுகிறது, கலம் தன்னைக் கெடுக்காத கரையங்களால் உள்ளே நிரம்பிச் சமாளிக்கிறது. அக்குவாபோரின்-2 பரம்பரையலகையும் அது தூண்டுகிறது. இந்தப் புரதம் இல்லாத எலிகளில் மையவிழையமே சிறுத்துப்போனதைக் கண்டிருக்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. தாகமில்லாமலே நாட்கணக்காகப் போத்தல் போத்தலாகக் குடித்தால் வெசோபிரசின் அடங்கி, அக்குவாபோரின்-2 உற்பத்தியும் குறைந்துவிடும், பிறகு திடீரென்று தண்ணீரை நிறுத்தினாலும் சிறுநீர் உடனே முழுசாகச் செறியாது, கலம் பழைய நிலைக்கு வர நாளெடுக்கும். ஆகவே நாளுக்கு இத்தனை லீற்றர் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நான் பெரிதாக எடுப்பதில்லை. வட்டையில் நிற்பவருக்கும் ஏசி அறையில் இருப்பவருக்கும் ஒரே கணக்கா?

அப்புறம் லிதியம். மனநோய்க்கு நல்ல மருந்து, ஆனால் நீண்டகாலம் எடுக்கிற பலருக்கு இதே கலங்களில் அக்குவாபோரின்-2 குறைந்து, ஏடிஎச் இருந்தும் சிறுநீர் ஐதாக நிறையப் போகும். உடம்பு வற்றினால் லிதியம் இரத்தத்தில் ஏறி நஞ்சாகவும் கூடும். ஆகவே வீட்டில் அந்தக் குளிசை எடுப்பவர் இருந்தால், ஓயாமல் தண்ணி குடிக்கிறார் என்று மறிக்காதீர்கள், குளிசையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.