போதும் என்று நான் எழுதிய 2048

அன்று திரையில் வந்தது ஒரே ஒரு வரி: 'ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்'. நிரலின் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதி சிதைந்துவிட்டது என்று அர்த்தம். டேப்பை ஸ்பேஸாக மாற்றித் தரும் சின்னக் கட்டளைவரி நிரல் அது. சி மொழியில் எழுதியது, வருடக்கணக்கில் யாரும் தொடாதது. ஏதோ கோணல்மாணலான கோப்பைக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். வெளியாட்கள் ஏற்றும் கோப்புகளையும் சர்வர் இதன் வழியாகத்தான் அனுப்புகிறது என்று தெரிந்தபோது வயிற்றைக் கலக்கியது. பஃபரை, அதாவது தரவுக்கென்று ஒதுக்கிய நினைவிடத்தைத் தாண்டி எழுதுகிற நிரல் செத்து விழுந்தால் நல்ல காலம். ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியும் அதே ஸ்டாக்கில்தான் இருக்கிறது. அதன்மேல் தனக்கு வேண்டியதை எழுதத் தெரிந்தவன் நிரலையே கைப்பற்றிவிடலாம்.

முதலில் சந்தேகப்பட்டது வரியைப் படிக்கும் இடத்தை. 1988-இல் இணையத்தில் தானாகப் பரவிய மாரிஸ் வார்ம் என்ற நிரல், பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சர்வருக்குள் புகுந்தது, அளவே பார்க்காமல் படிக்கும் 'கெட்ஸ்' ஃபங்ஷன் வழியாக, 512 பைட் பஃபரை வழியவிட்டுத்தானே. 2011-இல் வந்த சி தரத்தில் அந்த ஃபங்ஷனைத் தூக்கியே விட்டார்கள். எங்கள் கோடில் அளவு பார்த்துப் படிக்கும் 'எஃப்கெட்ஸ்' இருந்தது, 1024 என்று அளவும் கொடுத்திருந்தது. அதைப் பார்த்து அரை நாள் நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்து கம்பைல் செய்து ஓட்டினால், அது காட்டியது வெளியீட்டு பஃபரை. படிப்பதற்குக் காவல் இருந்தது, எழுதுவதற்கு இல்லை. ஒரு டேப் அதிகபட்சம் 8 ஸ்பேஸாக விரியும். 1024-இல் ஒரு பைட் உரையின் முடிவைக் குறிக்கும் பூஜ்யத்துக்குப் போக, மிச்சம் 1023 பைட்டும் டேப்பாகவே வந்தால் 8184 ஸ்பேஸ், கடைசி பூஜ்யத்தோடு 8185. பஃபரோ 2048. பக்கத்தில் 'இது போதும்' என்று ஒரு குறிப்பு வேறு. எந்த மகானுபாவர் எழுதியது என்று, ஒவ்வொரு வரியையும் எழுதியவர் பெயரைக் காட்டும் கிட் பிளேம் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். என் பெயர். நான்கு வருடம் முன்பு இதே மாதிரி ஒரு புகார் வந்தபோது, 1024-ஐ இரட்டிப்பாக்கி டிக்கெட்டை மூடியிருக்கிறேன்.

இந்த முறை ஒழுங்காகச் செய்வோம் என்று, டேப்பை விரிக்கும் முன் ஒரு சோதனை வைத்தேன்: பஃபர் அளவில் இதுவரை எழுதியதைக் கழித்து, இன்னொரு 8-ஐயும் கழித்தால் பூஜ்யத்தைவிட அதிகமா? ரிவ்யூ செய்த சீனியர் ஒரே கேள்விதான் கேட்டார். "சரி, மிச்சம் 5 பைட்தான்னா என்ன ஆகும்?" மைனஸ் 3, சோதனை தோற்கும் என்றேன். "அது அன்சைன்ட் எண் ஆச்சேப்பா" என்றார். அன்சைன்ட் எண்ணுக்கு மைனஸ் கிடையாது. 64 பிட் கணினியில் 5-இலிருந்து 8 போனால் 20 இலக்க எண் ஒன்று வந்து நிற்கும், அது பூஜ்யத்தைவிடப் பெரியதுதான். பூட்டு மாதிரித் தெரியும், தள்ளினால் திறந்துகொள்ளும். கழிக்காமல் கூட்டி ஒப்பிடும்படி மாற்றினேன்.

அதற்கும் அவர் விடவில்லை. இடம் போதாவிட்டால் என்ன செய்வாய்? வெட்டிவிடுவேன் என்றேன். உரையை மாற்றித் தரும் கருவி உரையைச் சத்தமில்லாமல் தின்பதா? எனக்கே பதில் பிடிக்கவில்லை. மறுநாள் காலை கோடை மேலிருந்து கீழே ஒரு முறை படித்தபோதுதான் உறைத்தது: அந்த பஃபரே எதற்கு? வரியில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறோம் என்று ஒரு எண் இருந்தால் போதும், எழுத்தை ஒவ்வொன்றாக நேரே வெளியீட்டுக்கு அனுப்பலாம். சேர்த்து எழுதும் வேலையை சி நூலகமே பார்த்துக்கொள்ளும். கடைசிப் பேட்சில், அதாவது திருத்தத்தில், சேர்ந்த வரிகளைவிட நீக்கிய வரிகள் அதிகம். வெறும் டேப்பாக 1023 கொண்ட கோப்பு ஒன்றை டெஸ்ட்டில் சேர்த்தேன்.

வரியில் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும் அந்த எண்ணிலும் ஒரு கோளாறு இருக்கிறது. அது பைட்டைத்தான் எண்ணுகிறது. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்ற சொல் 15 பைட், அதனால் தமிழ் வரிகளில் டேப் நிறுத்தம் தப்பான இடத்தில் விழும். கை துறுதுறுத்தது. பாதுகாப்புப் பேட்சில் அதையும் கலந்தால் ரிவ்யூ செய்கிறவர் பாவம். தனி டிக்கெட் போட்டு வைத்திருக்கிறேன், இன்னும் திறந்தே இருக்கிறது.