மாங்குளத்துக்கு மாறிய கூட்டம்

இலங்கையின் வடக்கே வன்னியில் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றுவோருக்கென இயங்கும் எங்கள் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை மூன்று ஆண்டுகள் வகித்த நான், வரும் பொதுக்கூட்டத்தில் அதை ஒப்படைக்கவிருக்கிறேன். சம்பளத்துக்கும் பயணப்படிக்கும் குரல் கொடுக்கத் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் தேவையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இச்சங்கத்தின் தேவை வேறு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின்படியே இன்றும், ஒரு சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், தாய்சேய் நலம் பார்க்கும் மருத்துவிச்சியான குடும்பநல உத்தியோகத்தரும் தமக்கென வகுக்கப்பட்ட பகுதியில் வீடு வீடாகச் செல்கிறோம். பெரும்பாலும் தனியாகவே செல்கிறோம். ஒருவர் தம் பகுதியில் கற்றது அடுத்த பகுதிக்குப் போய்ச் சேர ஓரிடம் வேண்டும்.

அந்த இடத்தை நான் முதல் ஆண்டில் சரியாக நடத்தவில்லை. கூட்டங்கள் கிளிநொச்சி நகரில், ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு நடந்தன. ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்துக் குடும்பநல உத்தியோகத்தர்கள் அநேகமாக வருவதில்லை. கூட்டக் குறிப்பில் அவர்களின் பெயர்களுக்கு நேரே "சமுகமளிக்கவில்லை" என்று எழுதி வந்தேனேயன்றி, காரணத்தை ஒருமுறையேனும் கேட்கவில்லை. ஒரு சிகிச்சை நிலையத்தில் தற்செயலாகச் சந்தித்த மூத்த குடும்பநல உத்தியோகத்தர் அக்கா ஒருவர் சொன்னார்: "தம்பி, உங்கட கூட்டம் முடியிறதுக்கு முதல் எங்கட கடைசி பஸ் வெளிக்கிட்டிடும். வரக்கூடாதெண்டு நாங்கள் நினைக்கேல்லை."

அடுத்த கூட்டத்தை, கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் மாங்குளத்தில், காலை பத்து மணிக்கு வைத்தோம். யாப்பைத் திருத்தவோ நிதி திரட்டவோ தேவைப்படவில்லை. அந்த அக்காவும் அவருடன் ஐந்து பேரும் வந்தார்கள்.

அன்றைய பேச்சு எலிக்காய்ச்சல் பற்றியது. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிலும் சேற்றிலும் இருக்கும் கிருமி, காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவும் உடலுக்குள் போகும் என்பதால், காலபோகம் எனும் மாரிகால நெற்செய்கையில் வயலில் இறங்குவோருக்கு, நோய் வராமல் தடுக்க, வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்ஸிசைக்கிளின் மாத்திரை கொடுக்கிறோம். பரிசோதகர்களாகிய நாங்கள் கமக்காரர் அமைப்புகளின் பெயர்ப்பட்டியலை வைத்து மாத்திரை வழங்கிவிட்டு, வேலை முடிந்ததென எண்ணியிருந்தோம். அந்த அக்கா எழுந்து, கூலிக்குக் களை பிடுங்கப் போகும் பெண்களின் பெயர்கள் அப்பட்டியலில் எங்கே என்று கேட்டார். பெரும்பாலும் வயல் செய்பவர்கள்தானே அமைப்பில் அங்கத்தவர்கள். மேலும், கர்ப்பிணிகளுக்கு அம்மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. அப்பெண்களில் யார் கர்ப்பிணி என்பது வீட்டுக்கு வீடு செல்லும் குடும்பநல உத்தியோகத்தருக்கே முதலில் தெரியும். இரு தரப்பின் பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய வேலையை, ஒரு தரப்பு இல்லாமலே ஓராண்டு பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அதன்பின் நிகழ்ச்சி நிரலை நான் தனியாக எழுதுவதில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தின் பின் கிணறுகளை இறைத்துக் குளோரின் இட்டவர்கள் தம் அனுபவத்தைப் புதியவர்களுக்குச் சொன்னார்கள். மலேரியாத் தடை இயக்கத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், மலேரியாவைச் சோதிக்கக் கண்ணாடித் தகட்டில் இரத்தப் பூச்சு எடுப்பதைப் பொறுமையாகக் காட்டித் தந்தார். 2012இன் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா நோயாளி எவரும் கண்டறியப்படாததால், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடாகச் சான்றளித்தது. நோயைப் பரப்பும் நுளம்பு இன்னும் இங்கே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவரை உடனே சோதிக்காவிட்டால் அது மீண்டும் பரவக்கூடும். இளையவர்களில் பலர் மலேரியா நோயாளியை நேரில் கண்டதே இல்லை.

செயலாளர் பதவிக்கு அந்த அக்காவின் பெயரை நான் முன்மொழிகிறேன். முதலில் மறுத்தார், கணக்குப் பதிவேட்டையும் கடிதக் கோவையையும் ஆறு மாதம் உடனிருந்து பழக்கித் தருவதாகச் சொன்ன பிறகு சம்மதித்தார். பொதுக்கூட்டமும் மாங்குளத்திலேயே, காலை பத்து மணிக்கு. இம்முறை கூலியாட்களின் பெயர்களையும் சேர்த்த பட்டியலை ஒவ்வொரு பகுதியினரும் கையோடு கொண்டுவர வேண்டும். விதைப்புத் தொடங்க அதிக நாள் இல்லை.