தண்டால் போன ஒன்றரை மார்க்

குரூப் 4 தேர்வுக்கு முதல் தடவை படித்தபோது பொதுத்தமிழை நான் கண்டுகொள்ளவே இல்லை. 200 கேள்வியில் 100 தமிழ்தான், நமக்குத் தெரியாத தமிழா என்ற நினைப்பு. பாளையங்கோட்டையில் எழுதிய ஒரு மாதிரித் தேர்வில், 'தண்டு' என்ற சொல்லுக்குப் பொருந்தாத பொருள் எது என்று கேட்டிருந்தார்கள். காம்பு, படை, கதாயுதம், மழை. படையைப் பாடப்புத்தகத்தில் படித்த ஞாபகம். மழை ஏதோ பழைய பொருளாக இருக்கும் என்று விட்டுவிட்டு, கதாயுதத்துக்கு வட்டத்தை நிரப்பினேன். போச்சு.

வீட்டில் ஆச்சி வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். வில்லைக்கு வில்லை இழுபடும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றி வைத்திருந்தாள், வெள்ளை மோதிரம் மாதிரி. விஷயத்தைச் சொன்னேன். "அப்போ பீஸ் கட்டுன துட்டு தண்டம்னு சொல்லுல" என்றாள். கையில் தண்டு, வாயில் தண்டம். அப்புறம்தான் அகராதியைத் தேடினேன்.

காம்பு, கோல், படகின் துடுப்பு, படை எல்லாமே தண்டுதான். திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில்லோடு ஐந்தாவதாக வரும் ஆயுதமும் தண்டு. அந்தக் காலத்தில் குழந்தைக்குக் கட்டிய ஐம்படைத்தாலியிலும் அது உண்டு. வடமொழியில் தண்டம் என்றால் கோல். கோல் வைத்திருப்பவன் அடிப்பான், அதனால் தண்டனை, அபராதமும் தண்டம். கடைசியில் வீண்செலவும் அதே பெயருக்கு வந்துவிட்டது. கோல் கிடப்பதுபோல நெடுக விழுந்து கும்பிடுவது தண்டனிடுவது.

இதைவிட வம்பு பிடித்த சொல் 'கதை'. வடமொழியில் ஆயுதத்துக்கும் கதைக்கும் ஒலி வேறு. தமிழில் அந்த ஒலிகளுக்கெல்லாம் ஒரே க, ஒரே த. போதாததற்கு, வடசொல்லின் ஆ ஈறு ஐ ஆகும் என்கிறது நன்னூல். மாலா மாலையானது அப்படித்தான். ஆக, பீமன் தூக்கியதும் கதை, ஆச்சி சொன்னதும் கதை.

என் யோசனை இதுதான்: பொருள் பட்டியலை உருப்போடாதீர்கள், எனக்கு அது மூன்று நாள்கூட நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும். வீட்டில் அது எப்படிப் புழங்குகிறது என்று முதலில் பாருங்கள், பிறகு அகராதி. நேரமிருந்தால் பழைய சொற்பொருள் நூலான திவாகர நிகண்டின் பதினோராம் தொகுதியைப் புரட்டுங்கள். ஒருசொல் பல்பொருளுக்கென்றே அமைந்தது அது. கோயிலுக்குப் போனால், சன்னதி வாசலில் துவாரபாலகர் எதன்மேல் சாய்ந்து நிற்கிறார் என்றும் பாருங்கள். நான் எத்தனையோ வருஷம் அவரைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறேன்.